லைட்டை அணைக்காமல் கொண்டு வா

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், படித்துவிட்டு, "இதெல்லாம் நடக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தீங்களா சாமி?" என்று கேட்கக்கூடிய ஆள். எனக்கு எதற்கு வம்பு?

திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் சில வருஷம் எனக்கு மேஜை வேலை. எந்த விமானம் எப்போது கிளம்புகிறது, யார் ஓட்டுகிறார், சொன்ன நேரத்துக்குத் திரும்பினாரா என்று பார்த்துக்கொள்வது. விமானம் ஏன் கீழே விழாமல் இருக்கிறது என்பது இன்று வரை எனக்குப் புரிந்ததில்லை. அவர் அங்கே என்ஜினியர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் ஷெட்டை விட்டு நகரும். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. படிய வாரிய தலை, முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சட்டை, காதில் சிவப்புக்கல் கம்மல். ஆரியசாலையில் வத்தலும் மல்லியும் மொத்தமாக விற்கிற திருநெல்வேலிக் குடும்பம். அண்ணன் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்ததால் அவரிடம் எப்போதும் லேசாக மிளகாய் நெடி அடிக்கும். தும்மாமல் அவரிடம் பேசப் பழகுவதற்கே எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஷெட்டில் எல்லாருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா. அவரைவிட மூத்தவரான, விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற கேப்டனுக்குக்கூட சேச்சிதான். நான் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரன் என்பதால் அவருக்கு நான் சாமி.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஆபீஸ் பிரிண்டர் காலையெல்லாம் பேப்பரைக் கடித்துத் துப்பியது. மத்தியானம் சமர்த்தாக அச்சடித்தது. அந்தப் பக்கமாக வந்த சேச்சியிடம், "பிரிண்டர் சரியாயிடுத்து" என்றேன்.

"யாரு சரியாக்கினா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலை. தானாவே சரியாயிடுத்து."

"அப்ப சரியாகல்ல சாமி," என்றார். "நம்மள பாத்து நடிக்குது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை அது ஒழுங்காகத்தான் அடித்தது. எனக்குத்தான் ஒவ்வொரு பேப்பர் வெளியே வரும்போதும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அவருடைய குணம் மொத்தமும் அவ்வளவுதான். கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல், அது போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பைலட்டுகள் இறங்கி வந்து ரிப்போர்ட்டில் 'இன்டர்மிட்டென்ட்' என்று எழுதினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "விட்டு விட்டு வருதுன்னா என்னா அர்த்தம்? வர்ற நேரத்துல நீங்க பாக்கல்லன்னு அர்த்தம்" என்பார். பிறகு விசாரணை ஆரம்பமாகும். லைட் வந்தபோது எந்தக் கை எதில் இருந்தது? ஏறிக்கொண்டிருந்தீர்களா, இறங்கிக்கொண்டிருந்தீர்களா? மேகத்துக்குள்ளே போனீர்களா? ஃபேன் போட்டிருந்தீர்களா, ரேடியோவில் பேசினீர்களா? கேப்டன் ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "சேச்சி, என்னோட கல்யாணத்துக்குக்கூட இத்தனை அன்வேஷணம் நடந்தது இல்ல" என்றார்.

கல்யாணம் என்றதும் சேச்சியின் அண்ணன் கடையில் வைத்துச் சொன்ன கதை ஞாபகம் வருகிறது. நான் வத்தல் வாங்கப் போயிருந்தேன். தங்கைக்கு வள்ளியூரிலிருந்து ஒரு வரன் வந்ததாம். நல்ல இடம், நல்ல உத்தியோகம். மாப்பிள்ளைக்கு முன்பு கொஞ்சம் குடிப்பழக்கம் இருந்தது, இப்போது நின்றுவிட்டது என்று அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். இந்தம்மா காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபை நடுவே, "எப்படி நின்னுது?" என்று கேட்டிருக்கிறார். தானாகவே நின்றுவிட்டது என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள். தட்டை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"அப்புறம் அந்த ஆள் குடிச்சானா?" என்று கேட்டேன்.

"எங்க குடிச்சான்! வேற இடத்துல கட்டி ரெண்டு பிள்ளையளோட நல்லா இருக்கான். சொட்டு தொடல," என்றார் அண்ணன், தராசைப் பார்த்தபடி. "இவதான் இப்பவும் சொல்லுதா, 'யாரு கண்டா'ன்னு."

எனக்குச் சிரிப்பும் வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படி ஒரு ஆளோடு ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானத்தில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். ஏறி, சக்கரம் தரையை விட்டதுமே முகம் வெளுத்துவிடும். ஆனாலும் வானத்தில் மட்டும் வருகிற கோளாறு என்று யாராவது சொன்னால், சாலைக் கடைத்தெருத் துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர் இரண்டும் ஒரு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். இறங்கியதும் கவரை முடிச்சுப் போட்டு அவரே கொண்டுபோய்க் குப்பையில் சேர்ப்பார். யாரையும் தொடவிட மாட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சாயா உண்டோ சாமி?" என்பார். அந்த நேரத்தில் அவரைப் பிடிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

இப்போது அந்த ஆல்டர்னேட்டர் விஷயம்.

பள்ளியில் இரண்டே விமானம். ஒன்று வெளிநாட்டிலிருந்து எஞ்சின் வரட்டும் என்று மூலையில் காத்திருந்தது. மற்றதில் 'லோ வோல்ட்' என்கிற சிவப்பு லைட் அவ்வப்போது எரிய ஆரம்பித்தது. காரில் இருப்பது மாதிரி விமானத்திலும் ஆல்டர்னேட்டர் உண்டு. எஞ்சின் ஓடும்போது அது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை நிரப்புகிறது. அது நின்றுவிட்டால் சிவப்பு லைட் எரியும். எஞ்சின் நிற்காது, அதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ரேடியோவும் வழிகாட்டும் கருவிகளும் பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டு ஒவ்வொன்றாக ஊமையாகும். இவ்வளவும் சேச்சி எனக்குச் சொல்லித் தெரிந்துகொண்டது. தப்பு இருந்தால் என்னுடையது.

லைட் எரிந்தால் ஆல்டர்னேட்டர் ஸ்விட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். எங்கள் பள்ளியில் அது மூக்கு அரித்தால் சொறிவது மாதிரி ஆகியிருந்தது. லைட் எரியும், கை தானாகப் போகும், டக் டக், லைட் அணையும். இறங்கி வந்து யாரும் சொல்வதுகூட இல்லை. கேப்டன் அப்படிச் செய்தார், அவரிடம் கற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு நாள் ஒரு மாணவன் வாய் தவறிச் சொன்னபோதுதான் சேச்சிக்கே விஷயம் தெரிந்தது.

எல்லாரையும் ஷெட்டில் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே யாரும் ஸ்விட்சைத் தொடப்படாது. லைட்டை அணைக்காம எங்கிட்ட கொண்டு வா. எரிஞ்சிட்டே இறங்கு. எரிஞ்சிட்டே ஷெட்டு வாசலுக்கு வா."

"கொண்டு வரதுக்கு அதென்ன அம்பலத்துப் பிரசாதமா?" என்றார் கேப்டன். எல்லாரும் சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை.

மேனேஜர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கொச்சியிலிருந்து புது ஆல்டர்னேட்டர் வரவழைத்தார். மாட்டியாயிற்று. தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் லைட் இல்லை. சேச்சி பழையதைக் கழற்றிப் பிரித்து, சோதித்து, மேஜை மேல் வைத்துவிட்டு மேனேஜரிடம் போனார். "சாரே, இது நல்ல சாதனம். நல்லதை எடுத்துட்டு இன்னொரு நல்லதை வெச்சிருக்கோம். அப்ப கெட்டது எங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இதெல்லாம் எங்களுக்குள் நடக்கிற நாடகமாகவே முடிந்திருக்கும், ரேவதி இல்லாமல் போயிருந்தால். கரமனைப் பெண். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தை விட்டுவிட்டு விமானம் ஓட்ட வந்தவள். அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான். அவளுக்கு இனி ஒரே ஒரு பயணம் பாக்கி. தன்னந்தனியாகத் தூத்துக்குடி போய், அங்கிருந்து மதுரை போய், மலையைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். ஒரு விமானக் கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பயணம் முடிந்து பேப்பர் போனால் அவளைக் கூப்பிடுவார்கள். அந்தக் கம்பெனியில் முப்பது வயது ஆனவர்களை எடுப்பதில்லை, ஆவணி வந்தால் அவளுக்கு முப்பது. இந்த ஆட்டத்தில் அவளுக்கு இது கடைசிச் சீட்டு என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும், சேச்சிக்கும் தெரியும்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வேறு. மழை விட்ட நேரமெல்லாம் சேச்சியும் கேப்டனும் சோதனைக்குப் பறந்தார்கள். கடல் பக்கம் போனார்கள், பொன்முடி வரை போய்த் திரும்பினார்கள். கவர் நிறைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, லைட் மட்டும் வரவில்லை. கேப்டன் சலித்துப்போய், "இதில இப்ப ரெகுலரா வரது சேச்சிக்கு வாந்தி மாத்திரம்" என்றார்.

வியாழக்கிழமை காலை வானம் பளிச்சென்று இருந்தது. ரேவதி வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு விடிவதற்குள் வந்துவிட்டாள். சேச்சி கையெழுத்துப் போடவில்லை.

"சேச்சி, இத்தனை தடவை பறந்தீங்க. ஒரு தடவைகூட லைட் வரல்லியே," என்றாள் ரேவதி.

"அதான் மோளே. வந்திருந்தா உன்னைப் போகச் சொல்லியிருப்பேன். என்னன்னு பாத்து, மாத்திட்டு, போன்னு சொல்லியிருப்பேன்."

"புது ஆல்டர்னேட்டர் போட்டாச்சு. போட்டதுக்கு அப்புறம் வரவே இல்ல. அப்ப சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"போன தடவையும் இப்படித்தான் கொஞ்ச நாள் வராம இருந்துது. பின்ன வந்துது."

மேனேஜர் உரக்கப் பேசிப் பார்த்தார். கேப்டன் தணிவாகப் பேசிப் பார்த்தார். "பகல் வெளிச்சம், தெளிஞ்ச ஆகாசம், ரேடியோ போனாலும் அவளுக்கு இறக்கத் தெரியும்" என்றார். அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. சேச்சி, "மதுரையில இருந்து திரும்பி வர்றப்ப மலையில மேகம் இருந்தா?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியாமல் அவர் மேலேயே பாய்ந்தேன். "ஒரு பொண்ணோட ஜீவிதம் போறது. மனசே இல்லையா உங்களுக்கு?"

"உண்டு சாமி," என்றார் அவர்.

ரேவதி ஷெட்டின் தூணில் சாய்ந்து நின்று அழுதாள். சத்தம் போடாமல், கண்ணைத் துடைக்காமல் அழுதாள். சேச்சி நகரவில்லை. விமானத்தின் மூக்கருகே ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு பக்கம் திரும்பியிருக்கலாம், நாங்களெல்லாம் திரும்பிக்கொண்டோம். மறுநாள் வெள்ளி. காலையிலிருந்து மழை. அது பெய்யாமல் இருந்திருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை லைட் வந்தது.

கேப்டன் இறங்கி வந்து, வலது கையைத் தடவிக்கொண்டே கதையைச் சொன்னார். பறந்து முடித்து, இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்திருக்கிறார். சிவப்பு லைட் எரிந்திருக்கிறது. அவர் கை பாட்டுக்கு ஸ்விட்சுக்குப் போயிருக்கிறது. கவரில் முகத்தைப் புதைத்திருந்த சேச்சி நிமிர்ந்து, அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாராம். "தொடாதீங்க சாரே!" பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். லைட் அணைந்தது. குறைக்கச் சொன்னார். எரிந்தது. கூட்டு, குறை, கூட்டு, குறை. ஸ்விட்சை யாரும் தொடவே இல்லை.

அங்கேதான் எங்கள் பள்ளி மொத்தமும் ஏமாந்திருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, இறங்குகிற வேகத்துக்குக் குறையும்போது அதில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தில்தான், அதுவும் எல்லாத் தடவையும் அல்ல, லைட் எரிந்தது. பைலட் ஸ்விட்சை டக் டக் என்று தட்டுகிற நேரத்தில், அதே இறக்கத்தில், வேகத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார். நடுக்கம் போகும், லைட்டும் போகும். ஸ்விட்ச்தான் அணைத்தது என்று இத்தனை நாளும் நம்பினோம். தரையில் சோதித்தபோதெல்லாம் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, காற்றோட்டமாக, வேகமாக ஓட்டிப் பார்த்தோம். அது நடிப்பதற்கு நாங்களே மேடை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அன்று மூடியை மூடிவிட்டு, எஞ்சின் கொதிக்கும் வரை ஷெட்டு வாசலிலேயே ஓடவிட்டார்கள். சரியாக அந்த வேகத்துக்கு இறக்கினார்கள். லைட் வந்தது. அணைக்காமல் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. ஆறியதும் சேச்சி ஆல்டர்னேட்டரின் பின்னால் வந்து சேர்கிற ஒரு மெல்லிய வயரை விரலால் மெதுவாக நெருடிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மேலுறையைச் சீவினால், உள்ளே செம்புக் கம்பிகள் உப்புக் காற்றில் பச்சை பூத்து அறுந்திருந்தன. ஒன்றிரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த ஆல்டர்னேட்டரை மாற்றினாலும் திரும்ப மாட்டுவது இந்த வயரைத்தான். கேப்டன் பக்கத்தில் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

நான் துள்ளிக் குதிக்காத குறைதான். வியாழக்கிழமை நான் கத்தியதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. சேச்சியின் முகத்தில் மட்டும் வெற்றியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புது வயர் மாட்டி, மூடி, கை கழுவிக்கொண்டு வந்து, "சாமி, ரேவதிக்க வீடு அறியுமோ?" என்றார்.

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றபோது அவர் காதருகே குனிந்து சொன்னேன்: "இதோ பாருங்கோ. அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடலைன்னு கேள்வி. போனதும் ஒரே வார்த்தை சொல்லுங்கோ. நீ அன்னிக்குப் போயிருந்தா உசிரோட திரும்பியிருக்க மாட்டேன்னு. அவளுக்கு அது போதும். மனசு ஆறிடும்."

பச்சை விழுந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார்.

ரேவதிதான் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சேச்சி வாசல்படிக்குக் கீழேயே நின்று, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வயர் விஷயத்தை முழுசாகச் சொன்னார். சூடு, நடுக்கம், அறுந்த கம்பி, பாக்கியிருந்த இழை. ரேவதி கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறுவது மாதிரி எனக்குத் தோன்றியது.

"அப்ப அன்னிக்கு நான் போயிருந்தா," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "அது வழியில அறுந்திருக்குமா சேச்சி? மலை மேல? நான் செத்திருப்பேனா?"

நான் சேச்சியின் செருப்பை என் காலால் லேசாக மிதித்தேன்.

"அறியில்ல மோளே," என்றார் அவர்.

"அறியில்லன்னா?"

"அறுந்திருக்கலாம். அறாமலும் இருந்திருக்கலாம். ஒரு இழையில ஒரு மாசம் ஓடினாலும் ஓடும். நீ போய்ட்டு வந்து இன்னிக்கு அந்தக் கம்பெனியில இருந்திருக்கலாம். அது நான் பாக்கல்லியே."

எனக்கு அவரை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மா யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

"நீ அழுததைப் பாத்தேன்," என்றார் சேச்சி. "என்னால உன் வேலை போச்சு. அதைப் பாத்தேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ரேவதி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே, சேச்சி," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்," என்றார் அவர். கண் இரண்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அப்போதும் சொல்லவில்லை.